குட்டை பேரல் போட்டால் குறி கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு கிளப்பில் பல வருஷமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் .22, அப்புறம் கொஞ்சம் பெஞ்ச்ரெஸ்ட் (மேஜையில் ரைஃபிளைச் சாய்த்துச் சுடும் போட்டி). தமிழ் பேசுகிற ஆட்கள் இந்த விளையாட்டில் குறைவு என்பதால், இங்கே புதிதாக ரைஃபிள் வாங்கிய நண்பர்களும், ஊரில் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கும் தம்பிகளும் சந்தேகம் என்றால் என்னைத்தான் பிடிக்கிறார்கள். கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரொம்பக் குட்டையாகக் கஸ்டம் பேரல், அதாவது சொல்லிச் செய்யும் துப்பாக்கிக் குழல், மாட்டினால் குறி கூடுமாமே, உண்மையா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

இரண்டு வார்த்தைகளை மட்டும் முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 'குரூப்' என்றால் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டின் மையத்துக்கு மையம் உள்ள தூரம். சின்னதாக இருந்தால் நல்லது. 'ரொம்பக் குட்டை' என்று நான் சொல்வது 10 முதல் 16 அங்குல பேரலை. கடையில் கிடைக்கும் சாதாரண ரைஃபிளில் 20 முதல் 26 அங்குலம் இருக்கும். அப்புறம் .22, .223, .308 என்று வருபவை தோட்டாக்களின் பெயர்கள்; எண், குண்டின் விட்டத்தை ஒட்டிய அங்குலக் கணக்கு. தோட்டா என்றால் குண்டும் மருந்தும் சேர்ந்தது, குண்டு என்றால் பறந்து போகும் பகுதி மட்டும்.

பேரல் நீளமா இருந்தாத்தானே அண்ணா குண்டு நேரா போகும்?

இல்லை. குண்டு நேராகப் போவதற்குக் காரணம் அதன் சுழற்சி. அந்தச் சுழற்சியைத் தருவது பேரலுக்குள் திருகுபோல வெட்டியிருக்கும் ரைஃபிளிங். எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதைத்தான் ட்விஸ்ட் என்கிறோம். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பேரலை 10 அங்குல நீளத்தில் வைத்தால் குண்டு உள்ளே ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ஆனாலும் வெளியே வரும்போது அந்த வேகத்துக்குரிய சுழற்சி முழுசாக இருக்கும். சுழற்சியை முடிவு செய்வது பேரலின் வாயை (முன்முனையை) விட்டு வெளியேறும் நொடியில் உள்ள வேகமும் ட்விஸ்ட்டும்தான். உள்ளே எத்தனை சுற்று சுற்றியது என்பது கணக்கிலேயே வராது.

நீளம்தான் துல்லியம் என்ற நம்பிக்கை கரிமருந்துக் காலத்திலிருந்து வருகிறது. அந்த மருந்துக்கு வேகம் கொடுக்க நீளம் தேவைப்பட்டது. போதாததற்கு, பேரலின் முன்னும் பின்னும் வைத்துக் குறிபார்க்கும் இரும்பு சைட்டுகள் இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் குறிவைப்பது எளிது. இரண்டும் நியாயமான காரணங்கள்தான். குண்டு நேராகப் போவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

அப்போ குட்டையா இருந்தா இன்னும் துல்லியம் கூடும்னு சொல்றாங்களே, அது?

இதில் பாதி உண்மை. ஒட்டடைக் கம்பின் அடியைப் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பாருங்கள், நுனி ஆடும். அதையே பாதியாக வெட்டிவிட்டுத் தூக்கினால் ஆடாது. பேரலும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கம்பிதான். ஒரே தடிமன் உள்ள கம்பி எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 26 அங்குலத்தை 18 ஆக்கினால் நுனியின் விறைப்பு மூன்று மடங்கு கூடும். 16 ஆக்கினால் நாலு மடங்குக்கும் மேல்.

மீதிப் பாதி, தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. முக்கால் அங்குலத் தடிமனை 0.9 அங்குலம் ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்கு. அதாவது நீளத்தை வெட்டாமலே விறைப்பை வாங்கலாம். அதைவிட முக்கியமாக, பேரல் ஆடுவது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாக ஆடினால்தான் பிரச்சினை. ஒவ்வொரு குண்டும் வெளியேறும்போது வாய் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இடம் எதுவாக இருந்தாலும் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். விறைப்பு செய்யும் உதவி என்னவென்றால், தோட்டாவில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கொஞ்சம் மன்னித்துவிடும். அவ்வளவுதான்.

இதெல்லாம் கணக்கு. நிஜத்துல துல்லியத்துக்காகவே வாழுறவங்க என்ன நீளம் வெக்கிறாங்க?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். குரூப் அளவை மட்டுமே வைத்து வெற்றி தோல்வி சொல்லும் விளையாட்டு பெஞ்ச்ரெஸ்ட். மேஜையில் மணல்பை வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்து 100, 200 கஜத்தில் சுடுவார்கள். 1970-களின் நடுவில் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாதான் இன்றுவரை இதில் ராஜா. அந்த ரைஃபிள்களில் பேரல் பெரும்பாலும் 20 முதல் 22 அங்குலம். தடிமனாக இருக்கும், 26 இருக்காது, 12-ம் இருக்காது.

எடை வரம்பும் குறைந்தபட்ச நீளமும் விதியில் இருப்பதால்தான் 12-க்கு இறங்கவில்லை என்று சொல்வார்கள். ஓரளவு சரி. பத்தரை பவுண்டு, பதிமூன்றரை பவுண்டு என்று வகுப்புகள் உண்டு. ஆனால் எடை வரம்பே இல்லாத பிரிவும் இருக்கிறது. அதில் தண்டவாளம்போன்ற சட்டத்தில் பேரலைப் பூட்டிச் சுடுகிறார்கள். ரொம்பக் குட்டையால் லாபம் என்றால் அங்கே எல்லோரும் விதி விடும் அளவுக்குக் குட்டையாகப் போயிருப்பார்கள். போகவில்லை.

1980-களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் காற்றே புகாத ஒரு நீண்ட கிடங்குக்குள் பெஞ்ச்ரெஸ்ட்காரர் விர்ஜில் கிங்கும் அவர் கூட்டாளிகளும் இரவிரவாகச் சோதனைகள் செய்தார்கள். காற்று என்ற சாக்கு இல்லாத இடம். அவர் கடைசியில் பிடித்துக்கொண்ட நீளம் இருபத்தொன்றே முக்கால் அங்குலம். அந்த முக்காலில் ஏதோ மந்திரம் இருப்பதாக இன்றும் சிலர் அளந்து வெட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரவர் தோட்டாவுக்கும் பேரலுக்கும் பொருந்தியது அது.

10 அங்குலத்துல துல்லியமா சுட்டதுக்கு ஒரு உதாரணமாவது இருக்கா?

இருக்கிறது, அதுவும் பிரமாதமான உதாரணம். ரெமிங்டன் கம்பெனி 1963-ல் எக்ஸ்பி-100 என்று ஒன்றை வெளியிட்டது. பார்க்க ரைஃபிளை நடுவில் வெட்டியதுபோல இருக்கும். ரைஃபிளுக்குரிய போல்ட், ஆனால் கைத்துப்பாக்கிப் பிடி. பேரல் பத்தரை அங்குலத்தை ஒட்டி. அதற்காகவே .221 ஃபயர்பால் என்று சின்னத் தோட்டா ஒன்றையும் செய்தார்கள். நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி 100 கஜத்தில் சுட்டால் அன்றைய கடை ரைஃபிள்கள் பலவற்றைத் தலைகுனிய வைத்தது.

1970-களில் கைத்துப்பாக்கியால் இரும்புப் பொம்மைகளைச் சுட்டு வீழ்த்தும் சில்ஹூட் விளையாட்டு பரவியது. 50 மீட்டரில் கோழி, 100-ல் பன்றி, 150-ல் வான்கோழி, 200-ல் ஆட்டுக்கடா. வரம்பில்லாப் பிரிவில்கூட பேரல் 15 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதில் எக்ஸ்பி-100-ஐக் கொண்டுபோய்க் கடாக்களைத் தொடர்ந்து சாய்த்தவர்கள் ஏராளம். ஆகவே குட்டை பேரல் துல்லியமாகச் சுடும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கவனியுங்கள், அவர்கள் துல்லியம் கூடும் என்று 15 அங்குலம் வைக்கவில்லை. விதி 15-ல் நிறுத்தியதால் வைத்தார்கள்.

வேகம் எவ்வளவு அடிபடும்?

தோட்டாவைப் பொறுத்தது. .308-ல் ஒரு அங்குலம் வெட்டினால் சராசரியாக விநாடிக்கு 25 அடி, அதாவது ஏழெட்டு மீட்டர் போகும். 24 அங்குலத்தை 16 ஆக்கினால் சுமார் 200 அடி, 60 மீட்டர் இழப்பு. .223-ல் நீளம் குறையக் குறைய இழப்பு வேகமாகிறது. 20 அங்குல எம்16-ல் விநாடிக்கு சுமார் 945 மீட்டர் வரும் தோட்டா, பதினாலரை அங்குல எம்4-ல் 880-ஐ ஒட்டி இறங்கும். பத்து அங்குலத்துக்கு வந்தால் இன்னும் பெரிய வெட்டு. நிறைய மருந்து பிடிக்கும் மேக்னம் தோட்டாக்களை 16 அங்குலத்தில் சுடுவது வீண். வேகம் போய், வாய்க்கு வெளியே பெரிய நெருப்புத்தான் மிஞ்சும்.

வேகம் குறைஞ்சா என்ன, ஸ்கோப்பை ரெண்டு கிளிக் ஏத்திட்டா போச்சு. அதனால துல்லியம் எப்படிக் கெடும்?

100 மீட்டரில் கெடாது. அங்கே நீங்கள் சொல்வது சரி. தூரம் போனால்தான் வட்டி கட்ட வேண்டிவரும். குண்டு காற்றில் இருக்கும் நேரம் கூடக் கூடப் பக்கக் காற்று அதைத் தள்ளும் தூரமும் கூடும். உயரத்தை ஸ்கோப்பின் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பிச் சரிசெய்யலாம், ஏனென்றால் புவியீர்ப்பு மாறுவதில்லை. காற்றை நாம் ஊகிக்கத்தான் முடியும். வேகம் குறைந்த ரைஃபிளில் அதே ஊகப் பிழைக்குப் பெரிய தண்டனை.

இன்னொன்று ஒலி வேகம். 175 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டை .308-ல் விநாடிக்கு 2600 அடியில் விட்டால் 1000 கஜத்தை ஒட்டித்தான் ஒலி வேகத்தை நெருங்கும். அந்த எல்லையைக் கடக்கும்போது சில குண்டுகள் தள்ளாடும். மேலே சொன்ன 200 அடி இழப்பால் அந்த எல்லை நூறு கஜத்துக்கும் மேல் நம் பக்கம் வந்துவிடும். 800, 900, 1000 கஜத்தில் .308-ஆல் சுடும் பால்மா போட்டியில் 30, 32 அங்குல பேரல்கள் இருப்பது இதற்காகத்தான். அவர்கள் வாங்குவது வேகத்தை.

என்கிட்ட இருக்கிறது .22 தான். அதுக்கும் இதே கதையா?

.22 தனி உலகம். அந்தச் சின்னத் தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான். 16 முதல் 19 அங்குலத்துக்குள் அது தன் வேலையை முடித்துவிடும். அதற்குமேல் நீளம் கொடுத்தால் உராய்வால் வேகம் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். ஆகவே 26-லிருந்து 17-க்கு வந்தால் வேகத்தில் ஒன்றும் பெரிதாக இழக்க மாட்டீர்கள். குட்டை பேரலுக்கு நியாயம் பேசுகிறவர்கள் .22-ஐக் காட்டினால் நானும் தலையாட்டுவேன்.

போட்டித் தோட்டாக்கள் எல்லாம் ஒலி வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, விநாடிக்கு சுமார் 330 மீட்டரில் போகும்படி செய்யப்படுகின்றன. 15 டிகிரி வெப்பத்தில் ஒலி வேகம் 340 மீட்டர், 30 டிகிரியில் 349. நம்ம ஊர் வெயிலுக்கு ஒலி எல்லை இன்னும் தள்ளியே இருக்கிறது. பனிச்சறுக்கும் சுடுவதும் சேர்ந்த பயத்லான் போட்டிக்காரர்கள் முதுகில் தூக்கிக்கொண்டு சறுக்கும் ஃபோர்ட்னர் ரைஃபிளில் பேரல் 55 செ.மீ., அதாவது 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை வைத்து 50 மீட்டரில், இதயம் தடதடவென்று அடிக்கும்போது, படுத்த நிலையில் 45 மில்லிமீட்டர் வட்டத்தைச் சாய்க்கிறார்கள். 10 அங்குலத்துக்கு இறங்கினால் .22-லும் வேகம் விழும், சத்தமும் கூடும்.

அப்போ போட்டி .22 ரைஃபிள்ல ஏன் 69 செ.மீ. பேரல் போடுறாங்க?

ஆன்ஷுட்ஸ் போன்ற ரைஃபிள்களில் அந்த நீளத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் கேள்வியில் சொன்ன இரும்பு சைட்டு விஷயம்தான். 50 மீட்டர் போட்டியில் ஸ்கோப் கிடையாது. பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே 60 செ.மீ. இருக்கும்போது உங்கள் கண் முன் வளையத்தை 0.1 மில்லிமீட்டர் தப்பாக வைத்தால் இலக்கில் 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். இடைவெளி 40 செ.மீ. என்றால் அதே பிழைக்கு பன்னிரண்டரை மில்லிமீட்டர். 80 செ.மீ. என்றால் ஆறேகால்தான். அங்கே பத்து வளையத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர். எண்களைப் பார்த்தாலே புரியும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பேரலைக் குட்டையாக வைத்து, வாயில் ஒரு வெற்றுக் குழாயை மாட்டி, அதன் நுனியில் முன் சைட்டை வைப்பது. குழாய் உள்ளே குண்டைத் தொடாது. குட்டை பேரலின் பலனும் நீண்ட சைட்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். நீங்கள் ஸ்கோப் வைத்துத்தான் சுடப்போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வி உங்களுக்கு எழவே எழாது.

ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் பேரல் அவ்வளவு நீளமா இருக்கே, அது மட்டும் எப்படி?

அது கண்கட்டு. கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்ட இளவேனில் வாலறிவன் கையில் இருப்பதுபோன்ற 10 மீட்டர் ரைஃபிளைப் பார்த்தால் நீளமான பேரல் என்றுதான் தோன்றும். உள்ளே உண்மையான பேரல் சுமார் 42 செ.மீ. மட்டுமே, பதினாறரை அங்குலம். மீதி வெறும் உறை. சைட்டைத் தள்ளி வைக்கவும், கைக்கு எடை சமமாக நிற்கவும் அந்த உறை உதவுகிறது. பின்முனையிலிருந்து வாய்வரை மொத்தம் 850 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது.

குட்டையாக வைத்ததற்கும் காரணம் உண்டு. பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு, விநாடிக்கு 170 மீட்டர் வாக்கில்தான் போகிறது. பேரலுக்குள் அது இருக்கும் நேரத்தில் கை அசைந்தால் போயிற்று. பேரல் குறைந்தால் அந்த நேரமும் குறையும். பத்துப் புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர் என்னும்போது இதெல்லாம் கணக்கில் வரும். என்னைக் கேட்டால், குட்டை பேரல் துல்லியத்துக்கு நேரடியாக உதவும் இடம் இதுதான். நின்றுகொண்டு, மெதுவான குண்டை, பக்கத்து இலக்கில் விடுகிற இடம்.

நண்பர் ஒருத்தர் 24-ஐ 16-ஆ வெட்டினதும் குரூப் பாதியாயிடுச்சுன்னு படம் அனுப்பினார். நீங்க சொல்றது தப்புதானே?

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மாற்றியது நீளத்தை மட்டும் அல்ல. பேரலை வெட்டும்போது வாயைப் புதிதாகச் சீவிவிட்டார்கள். இதைக் கிரவுன் என்பார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் விளிம்பு அது. பழைய கிரவுனில் ஒரு சின்ன வடு இருந்திருந்தால், வெட்டியதும் அது குப்பைக்குப் போயிருக்கும். பேரலைக் கழற்றி மாட்டியபோது திருகுகளும் ஒழுங்காக இறுக்கப்பட்டிருக்கும். இவை இரண்டும் செய்த வேலையின் பெயரை நீளம் தட்டிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் அந்தப் படத்தில் எத்தனை துளை? மூன்று என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே ரைஃபிளில், ஒரே பெட்டித் தோட்டாவில், அடுத்தடுத்துச் சுட்ட மூன்று-துளைக் குரூப்புகளில் ஒன்று இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு இருப்பது சர்வசாதாரணம். வெட்டுவதற்கு முன் பத்துத் துளைக் குரூப் நாலு, வெட்டியபின் நாலு என்று சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் பதில் வராது.

வெட்டினா குரூப் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது, பட்டுத் தெரிந்துகொண்டேன். என் .22-ஐ ஒரு பட்டறையில் கொடுத்து 24-லிருந்து 17 அங்குலமாக்கினேன். வெட்டுவதற்கு முன் 50 மீட்டரில் 12 மில்லிமீட்டர் வந்துகொண்டிருந்தது, வெட்டியபின் 25 ஆனது. தோட்டாவை மாற்றினேன், ஸ்கோப்பை மாற்றினேன், ஒரு மாதம் என் மூச்சைக்கூடக் குறை சொன்னேன். கடைசியில் காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்க்குள் விட்டு மெல்ல வெளியே இழுத்தபோது ஒரு பக்கம் பஞ்சு மாட்டி நூலாக வந்தது. விளிம்பில் பிசிறு. வேறொருவரிடம் கொடுத்து அஞ்சு மில்லிமீட்டர் சீவிப் புதுக் கிரவுன் போட்டதும் 12, 13-க்குத் திரும்பியது. ஏழு அங்குலமும் இரண்டு கூலியும் போய், கிளம்பிய இடத்துக்கே வந்தேன்.

குட்டை பேரலில் கிரவுன் இன்னும் முக்கியம். குண்டு வெளியேறும்போது பின்னால் உள்ள வாயு அழுத்தம் நீண்ட பேரலைவிட அதிகமாக இருக்கும். விளிம்பில் ஒரு பக்கம் பிசகினால் அந்த வாயு குண்டின் அடியை ஒரு பக்கமாகத் தள்ளும். .22-ல் இன்னொரு வம்பும் உண்டு. நல்ல பேரல்கள் சிலவற்றில் வாயருகே துளை மயிரிழை இறுக்கமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அந்த இறுக்கமான இடமே போய்விடும். தெரிந்தவர்கள் ஒரு ஈயக்கட்டியை உள்ளே தள்ளிப் பார்த்து, எங்கே இறுகுகிறது என்று கையால் உணர்ந்து, அங்கேதான் வெட்டுவார்கள்.

குட்டையா கேட்டா கஸ்டம் பேரல் விலை குறையுமா? ஒரு நீளக் கம்பியில ரெண்டு செய்யலாமே?

குறையாது. பார்ட்லைன், க்ரீகர், ஷிலன், லில்யா என்று பேரல் செய்கிறவர் யாராக இருந்தாலும் முழு நீளத்துக்குத்தான் துளையிட்டு, ரைஃபிளிங் போட்டு, ஈயக்கட்டியும் பொடியும் வைத்து உள்ளே தேய்த்து மெருகேற்றுகிறார்கள். 12 அங்குலம் கேட்டால் மிச்சத்தை அறுத்துப் போடுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு. கூலியும் மாறாது, சேம்பர் (பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வெட்டும் வேலை ஒன்றுதான்.

ஒன்றை இரண்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். நன்றாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மெருகேற்றும்போது கட்டி இரு முனைகளிலும் வெளியே போய் வருவதால் ஓரங்கள் கொஞ்சம் அகன்றுவிடும். அதனால் முனையில் ஒரு அங்குலமாவது கழிப்பது வழக்கம். இரண்டு பேரல் எடுக்கும்போது ஒன்றின் வாய் அந்த அகன்ற ஓரத்தில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேஞ்சு போனா அறுத்து மறுபடி போட்டுக்கலாம்னு சொல்றாங்களே?

நீளமான பேரலுக்குத்தான் அந்த வசதி. தேய்வது வாய்ப்பக்கம் அல்ல, சேம்பருக்கு அடுத்த இடம். அங்கேதான் நெருப்பு. நீளம் குறைந்தால் ஆயுள் கூடாது, குறையவும் செய்யாது. ஆனால் 24 அங்குலத்தில் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் அறுத்துப் புது சேம்பர் போட்டு இன்னொரு ஜென்மம் ஓட்டலாம். 12 அங்குலத்தில் அறுக்க என்ன இருக்கிறது? 6 பிபிசி பேரல் ஆயிரத்துச் சொச்சம் ரவுண்டிலேயே போட்டிக்கு லாயக்கில்லாமல் போவதால், பெஞ்ச்ரெஸ்ட்காரர்களுக்கு இது வருஷாந்திரச் செலவு. .22-க்கு இந்தக் கவலையே வேண்டாம்.

ட்விஸ்ட்டை மாத்தணுமா? வேகமா எரியுற மருந்து போடணுமா?

ட்விஸ்ட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வேகம் பத்து சதவீதம் குறைந்தால் குண்டின் நிலைத்தன்மை மூன்று, நாலு சதவீதம்தான் குறையும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் நீளமான குண்டு என்றால் மட்டும் ஒரு படி இறுக்கமான ட்விஸ்ட் எடுங்கள்.

மருந்து விஷயத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. நீண்ட பேரலில் அதிக வேகம் தரும் மருந்துதான் பெரும்பாலும் குட்டையிலும் அதிக வேகம் தரும். வேகமாக எரிவதைப் போட்டால் வேகம் கூடாது. வாய் நெருப்பும் சத்தமும் கொஞ்சம் அடங்கும், அதற்காகப் போடலாம். ஷெட்டுக்கு அடியில் பக்கத்து மேஜையில் 10 அங்குல .223 சுடும் ஆள் உட்கார்ந்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அந்த அதிர்ச்சியில் அவரே கண்ணைச் சிமிட்டுவார். சிமிட்டினால் துல்லியம் எங்கே?

சட்டப்படி எந்த நீளம்வரை போகலாம்?

அமெரிக்காவில் 1934-ம் ஆண்டுச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் பேரலோ, மொத்தம் 26 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிளோ வேண்டுமென்றால் முதலில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் பூஜ்யமாகிவிட்டது. பதிவு போகவில்லை. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சில மாநிலங்களில் பதிவு செய்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன எக்ஸ்பி-100 கைத்துப்பாக்கி என்பதால் தப்பித்தது. அதில் தோளில் வைக்கும் கட்டையை மாட்டினால் குட்டை ரைஃபிள் ஆகிவிடும். பிரிட்டனில் 30 செ.மீ.க்குக் குறைந்த பேரலோ 60 செ.மீ.க்குக் குறைந்த மொத்த நீளமோ தடை செய்யப்பட்ட வகையில் விழும்.

இந்தியாவில் கேட்கும் தம்பிகளுக்கு: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவே துப்பாக்கிக் குழலைக் குறைப்பதைப் பற்றியது. அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் யாரும் குறைக்கக் கூடாது. உங்கள் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது என்பதால் லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிவிட முடியாது. இதில் விளையாட வேண்டாம்.

சரி, 200 மீட்டருக்கு மேல சுட மாட்டேன், ஸ்கோப்தான், சட்டப்படி பிரச்சினை இல்லை. 12 அங்குலம் செய்யட்டுமா?

எதற்காக என்று கேட்பேன். பைக்குள் அடங்க வேண்டும், சைலன்சர் மாட்டினாலும் நீளம் கைக்கு அடங்க வேண்டும், எக்ஸ்பி-100 மாதிரி ஒன்று வைத்துக்கொள்ள ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நல்ல பேரல், நல்ல கைவேலை என்றால் குரூப்பில் குறை இருக்காது. குரூப் சுருங்கும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அதே காசுக்கு அதே கம்பெனியில் 20 அங்குலத்தில் தடிமனாக ஒன்று எடுங்கள். விறைப்புக்குத் தடிமன் இருக்கிறது, வேகமும் போகாது, பின்னால் அறுக்கவும் இடம் இருக்கும். அப்புறம் மனம் மாறினால் 20-ஐப் 12 ஆக்கலாம்.

ஏற்கெனவே 12 அங்குலத்துல .223 செஞ்சுட்டேன். என் பழைய 24 அங்குலத்தைவிட மோசமா சுடுது. என்ன பண்ண?

பேரலைச் சந்தேகப்படுவதற்கு முன் எடையைப் பாருங்கள். 0.9 அங்குலத் தடிமன் உள்ள பேரல் ஒரு அங்குலத்துக்கு சுமார் 75 கிராம். பன்னிரண்டு அங்குலம் குறைந்ததால் முன்பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ காணாமல் போயிருக்கிறது. பழைய ரைஃபிள் மணல்பையில் அமைதியாகப் பின்னால் நகரும். இது துள்ளும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம். முன்கட்டையில் ஒரு எடையைக் கட்டிவிட்டு, முன் பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து இருபது ரவுண்டு சுடுங்கள். நான் பார்த்த 'கெட்டுப்போன' குட்டை பேரல்களில் பாதி இதிலேயே சரியாகிவிட்டன.

அடுத்தது பஞ்சுக் குச்சி. அதற்கப்புறம் ஸ்கோப் வளையத் திருகுகள். பழைய ரைஃபிளுக்குப் பிடித்த தோட்டா இதற்கும் பிடிக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாததால், வேறு எடை குண்டில் இரண்டு, மூன்று பெட்டி வாங்கிப் பத்துத் துளைக் குரூப்பாகச் சுட்டுப் பாருங்கள். அதிலும் சுருங்கவில்லை என்றால் கிரவுன் போட்டவரிடமே திரும்ப எடுத்துப் போங்கள். சுட்ட தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் உங்கள் தோட்டாதான் சரியில்லை என்பார்.